தட்டில் கை வைத்தவர்கள்

கண்டி நகரில், பிக்குகளுக்குத் தானமாகக் கொடுக்கும் பொருள்களை விற்கிற கடை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். சின்னக் கடை. உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் காவித் துணிதான். அதற்கு மேல் தட்டுகளில் பிச்சைப் பாத்திரங்கள், விசிறிகள், பிரித் ஓதிக் கையில் கட்டும் நூல் உருண்டைகள், ஊதுபத்திப் பெட்டிகள். நான் கும்பிடுவது முருகனை. காலையில் கலஹா பஸ்ஸில் வந்து இறங்கி, பகல் முழுக்கக் காவி நிறத்துக்கு நடுவில் இருந்துவிட்டு, மாலையில் அதே பஸ்ஸில் தேயிலைப் பச்சைக்குத் திரும்பிப் போகிறேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் நான் அதிகம் பேசமாட்டேன் என்பதுதான். எனக்கு முன்பு இருந்தவர், செத்த வீட்டுத் தானத்துக்குச் சாமான் வாங்க வந்தவர்களிடம் கிரிக்கட் பேசுவாராம். கடைக்காரி அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு அவரை அனுப்பிவிட்டார். அவர் சிங்களப் பெண்மணி. கணவர் இறந்த பிறகு தனியாகக் கடையை நடத்துகிறார். நான் வேலை கேட்டுப் போன அன்று அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். "நல்லது, நாளைக்கு வாங்க" என்றார். அன்றிலிருந்து நான் அவரை மெடம் என்கிறேன், அவர் என்னை மல்லி என்கிறார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. எனக்குத் தலை நரைத்த பிறகும் மல்லிதான்.

கடையில் அதிகம் விற்பது அட்டபிரிகர. ஒரு பிக்குவுக்கு வாழ்க்கையில் தேவையான எட்டுப் பொருள்களின் கட்டு அது. உடுக்கவும் போர்த்தவும் மூன்று காவித் துணிகள், இடுப்புப் பட்டி, பாத்திரம், சவரக் கத்தி, ஊசி நூல், தண்ணீர் வடிக்கும் துணி. எல்லாவற்றையும் பாத்திரத்துக்குள்ளும் மேலுமாக அடுக்கி, கோபுரம் மாதிரிக் கட்டி, பளபளக்கும் தாளைச் சுற்றுவது என் வேலை. பேச வேண்டியதில்லை, கை மட்டும் வேலை செய்தால் போதும். அதனால் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

கட்டிக் கட்டியே அந்தப் பொருள்களின் அர்த்தமும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குள் வந்து சேர்ந்தது. காவித் துணியை முழுத் துணியாக உடுப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டி, மறுபடி சேர்த்துத் தைப்பார்கள். விரித்துப் பார்த்தால் வரப்பு வைத்த வயல் மாதிரி இருக்கும். புத்தர் ஒரு மலையிலிருந்து வயல்களைப் பார்த்து, உடையையும் அப்படித் தைக்கச் சொன்னார் என்று மெடம் சொல்வார். வெட்டிய துணியைத் திருடன்கூட எடுக்கமாட்டான் என்பது இன்னொரு காரணமாம். கெலிஓயா பக்கம் பஸ்ஸில் போகும்போது வயலைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் தையல்தான் தெரிகிறது.

தண்ணீர் வடிக்கும் துணி, தண்ணீரில் இருக்கிற சின்ன உயிர் வாய்க்குள் போய்ச் செத்துவிடக் கூடாது என்பதற்காக. இப்போது பிக்குகள் இருக்கிற எல்லாப் பன்சலையிலும் குழாய்த் தண்ணீர் வருகிறது. ஆனாலும் அந்தத் துணி இல்லாமல் கட்டு இல்லை. எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்புக் குழாயிலும் அம்மா பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். அங்கே புழுவுக்குப் பயந்து நாங்கள் கட்டினோம். இங்கே புழுவுக்காகக் கட்டுகிறார்கள். இதை யோசித்தபோது தனியாகவே சிரித்துவிட்டேன்.

ஊசிதான் அடிக்கடி வம்பை இழுக்கும். ஒரு முறை ஒரு தாத்தா, வீடு வரை போய், சுற்றிய தாளையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஊசி எங்க? ஊசி இல்லாட்டி இது ஏழுதானே? ஏழு குடுத்தா எனக்கு என்ன புண்ணியம்?"

ஊசி நூலோடு சேர்ந்து பட்டியின் மடிப்புக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அதை வெளிச்சத்தில் பிடித்து, காது இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த என் வாழ்க்கையில், பெரிய மகளுடைய பரிசத்தினால் சோதனை வந்தது.

மகள் பேராதனையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். கம்பளைப் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். விசாரித்தோம், எங்களுக்கும் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கலஹாவுக்கு வந்து பரிசம் போடுவதாக முடிவானது. பரிசம் என்றால், இரண்டு வீட்டாரும் சபையில் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். பெண்ணின் அப்பா தட்டைக் கையில் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சம்மதத்தைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

நான் கவலைப்படவில்லை. பேசுவதற்கு என் மச்சான் இருந்தார். அவர் என் மனைவியின் அண்ணன், லொறி ஓட்டுபவர். எங்கள் பக்கத்து நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அவர்தான் பேசுவார். என் கல்யாணத்தில் பெண்ணுக்கு அண்ணனாக இருந்துகொண்டு, நான் வாயைத் திறக்காததால், மாப்பிள்ளை பக்கத்துப் பேச்சையும் அவரே பேசி முடித்தார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே.

ஆனால் மகள் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, அன்னைக்கு மாமா பேச வேணாம். நீங்க பேசுங்க."

"மாமா கோவிச்சிக்குவாரும்மா."

"கோவிச்சா நான் சமாதானம் பண்ணிக்கிறேன். அவரு பேசினா எங்க தொடங்கினாலும் அந்த மேட்டுல லொறி ஏத்தின கததான் வரும்."

"அந்த லொறி இன்னும் மேட்டுல ஏறி முடியல" என்றாள் என் மனைவி. அவளுடைய அண்ணன்தான், ஆனாலும் அந்தக் கதையை அவளாலும் தாங்க முடியாது.

"என்னால முடியாதும்மா. சபையில எனக்கு வாய் வராது."

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு வார்த்த போதும்ப்பா. மாமா குடுத்த பொண்ணுன்னு நான் போக மாட்டேன். அப்பா குடுத்த பொண்ணாத்தான் போவேன்."

நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து கடையின் பின்பக்கம், காவித் துணி அடுக்குகளுக்கு நடுவில் நின்று பேசிப் பழகினேன். "எம் மகள ஒங்க மகனுக்கு..." அவ்வளவுதான் வரும். யாரும் இல்லாத இடத்திலேயே காது சூடாகிவிடும். அப்போது தட்டில் இருந்த விசிறிகள் கண்ணில் பட்டன. வட்டமான விசிறி. பிக்கு உபதேசம் செய்யும்போது அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். கேட்பவர்கள் சொல்பவருடைய முகத்தைப் பார்க்கக் கூடாது, சொல்லை மட்டும் கேட்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். கூச்சம் உள்ளவனுக்கு இதைவிட நல்ல கருவி உண்டா? ஒன்றை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். என்ன ஆச்சரியம், முழு வாக்கியமும் வந்துவிட்டது.

"மல்லி, யாருக்கு உபதேசம் பண்றீங்க?"

மெடம் பின்னால் நின்றார். விசிறியைப் பட்டென்று கீழே வைத்தேன். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கல்லாப் பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஓர் இளம் பிக்கு விசிறி வாங்க உள்ளே வந்தார். மெடம் உடனே கும்பிட்டுவிட்டு, என் கதையை முழுக்க அவரிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டார். எனக்குத் துணி அடுக்குக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

பிக்கு ஒரு விசிறியை எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சொல்றவன் முகம் தெரியக் கூடாதுங்கிறது சரிதான். ஆனா நான் முதல் முதல்ல உபதேசம் சொன்ன அன்னைக்கு எனக்கு உதவினது வேற ஒண்ணு. முன்னால இருந்தவங்க மூஞ்சி எனக்குத் தெரியல."

"அப்போ இவருக்கும் ஒண்ணு குடுத்திடலாமா, ஹாமுதுருவனே?" என்றார் மெடம். "பாதி விலைக்கே குடுக்கிறேன்."

"குடுக்கக் கூடாது" என்றார் அவர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நான் சொல்றது என் வார்த்தை இல்ல. அது புத்தரோட வார்த்தை. அதனால முகத்த மூடிக்கலாம். மகள் விஷயத்துல அப்பா சொல்றது அவரோட சொந்த வார்த்தை. அத முகத்தோடதான் சொல்லணும்."

விசிறி வழி அத்தோடு மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழை. மாப்பிள்ளை வீட்டார் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கி, குடைகளை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். எங்கள் முன்னறை சின்னது. பெரியவர்களுக்குக் கதிரை, மற்றவர்களுக்குப் பாய், இடம் இல்லாதவர்கள் வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நின்றார்கள். மாப்பிள்ளையின் தங்கை கையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கட்டாரில் வேலை செய்யும் அவர்களுடைய அண்ணன் வீடியோ கோலில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சப்படுகிறவனுக்கு உள்நாடு போதாதென்று வெளிநாடு வேறு.

மச்சான் வெள்ளைச் சட்டையில் நடுக் கதிரையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"சரி, நல்ல நேரத்துல ஆரம்பிச்சிடுவோமா?"

உள்ளறையிலிருந்து மகளுடைய குரல் வந்தது. "மாமா, அப்பா பேசுவாரு."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அவர் அவர்தான்.

"ஒங்கப்பாவா? பேசட்டும், பேசட்டும். மழ விடுற மாதிரி தெரியல, நேரம் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், பூ, தேங்காய் வைத்த தட்டை இரண்டு கையாலும் தூக்கினேன். எதிரில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று, வாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டினார். இப்போது நான் சொல்ல வேண்டும். மகள் கதவு நிலையில் நின்று என்னையே பார்த்தாள். ஒரு சொல் வரவில்லை.

வாய் நின்றுவிட்டதால் கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. அது கடையில் பழகிய கை. தான வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலைதான். அங்கே அட்டபிரிகரவைப் பிக்குவின் கையில் கொடுப்பதற்கு முன்பு, வீட்டுக்காரர் அதை ஏந்திக்கொண்டு வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் போவார். எல்லாரும் அதைத் தொடுவார்கள். குழந்தையின் கையைப் பிடித்துத் தொட வைப்பார்கள். கை எட்டாதவர், தொடுகிறவரின் தோளைத் தொட்டுக்கொள்வார். அப்படித் தொட்டால்தான் அது எல்லாரும் சேர்ந்து கொடுத்ததாகும். நான் எத்தனையோ வீடுகளில் கதவோரமாக நின்று அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொருளை இரண்டு கையாலும் ஏந்தினால் அடுத்து செய்ய வேண்டியது அதுதான் என்று என் கைகளுக்குப் பதிந்து போயிருந்தது.

சம்பந்தியின் நீட்டிய கைகளை அப்படியே விட்டுவிட்டு, நான் தட்டோடு திரும்பி என் மனைவியைப் பார்த்து நின்றேன்.

பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தட்டைத் திருப்பினால் சம்மதம் இல்லை என்றுதானே அர்த்தம்.

"என்ன, திருப்பிட்டாரு?" என்று யாரோ கேட்டார்கள். ஃபோனுக்குள்ளிருந்து கட்டார் அண்ணன், "என்னாச்சு? என்னாச்சு?" என்றான்.

"என்னங்க பண்றீங்க?" என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

அப்போதுதான் நான் செய்தது எனக்கே புரிந்தது. இனித் திரும்பினாலும் தப்பு, நின்றாலும் தப்பு.

"கை வை" என்றேன். அன்று நான் சபையில் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் ஒன்றும் புரியாமல் தட்டின் விளிம்பில் கையை வைத்தாள். சின்ன மகள் ஓடி வந்து வைத்தாள். பெரிய மகள் கதவு நிலையிலிருந்து வந்தாள். நான் கடையைப் பற்றிச் சொல்லும் கதைகளையெல்லாம் கேட்டவள் அவள்தான். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளும் கை வைத்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கதிரையில் அசையாமல் இருந்தார்.

"மச்சான், நீங்களும் வாங்க. நீங்க கை வைக்காம நான் எப்படி குடுக்கிறது?"

அவர் எழுந்து வந்தார். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கனத்த கை. அதைத் தட்டில் வைத்ததும் தட்டு சாய்ந்து ஒரு வாழைப்பழம் உருண்டது. அதையும் அவரே பிடித்து வைத்தார். எங்கள் பக்கத்துச் சனம் ஒருவர் பின் ஒருவராக வந்து, இடம் கிடைத்தவர் தட்டிலும், கிடைக்காதவர் முன்னால் நின்றவரின் தோளிலும் கை வைத்தார்கள். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

எல்லாரும் என்னைச் சுற்றி நின்றதால் என் கண்ணுக்கு அந்தக் கைகள் மட்டும்தான் தெரிந்தன. அப்படியே எல்லாருமாகச் சம்பந்தி பக்கம் திரும்பினோம். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"எம் மகள ஒங்க மகனுக்கு நான் குடுக்கிறேன். இவங்க எல்லாரும் என்னோட சேந்து குடுக்கிறாங்க. நல்லா வச்சிக்கங்க."

குரல் என்னுடையதுதான். மழைச் சத்தத்தையும் மீறி வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். சம்பந்தி தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா ஆச்சரியத்தோடு கேட்டார். "இது ஒங்க பக்கத்து மொறைங்களா? நாங்க பாத்ததே இல்லீங்களே."

நான் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க! எங்க தாத்தா காலத்துல இருந்து. தட்டுல கை வைக்காம நாங்க பொண்ணு குடுக்கிறதே இல்ல."

போன வருடம்தான் அவருடைய மகளுக்குப் பரிசம் போட்டோம். அந்தத் தட்டில் ஈகூடக் கை வைக்கவில்லை. என் மனைவி என் முதுகில் கிள்ளினாள்.

"அப்ப நாங்க மட்டும் சும்மா குடுக்கிறதா? நாங்களும் வைக்கிறோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா தங்கள் தட்டைத் தூக்கினார். அவ்வளவுதான், பாயில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மாமாவின் தோளில் சித்தி, சித்தியின் தோளில் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பின்னால் வாசலில் நின்றவர்கள். கடைசி ஆள் கூரைக்கு வெளியே போய், ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முன்னால் நின்றவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவர் வான் ஓட்டி வந்தவர், சொந்தமே இல்லை.

"நான் எப்படிக் கை வைக்கிறது?" என்று கட்டார் அண்ணன் கத்தினான். தங்கை ஃபோனைக் கொண்டுபோய்த் தட்டில் வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் நடுவில் சாய்த்து வைத்தாள். அவன் அங்கே தன் உள்ளங்கையைக் கெமராவுக்கு நேரே நீட்டினான். திரை முழுக்க ஒரு கை.

"எங்க மகன நாங்க ஒங்களுக்கு குடுக்கிறோம்" என்றார் சம்பந்தி. அவர் சொன்னது அந்த ஒரு வரிதான். நான் தட்டை வாங்கினேன், ஃபோனோடு சேர்த்து.

திங்கட்கிழமை மெடத்திடம் சொன்னபோது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் தப்பாக எதுவும் செய்துவிட்டேனா என்று கேட்டேன். "கை எதுக்கு வைக்கிறதோ அதுக்குத்தானே வச்சீங்க" என்றார். பிறகு அன்று வந்த வாடிக்கையாளர்கள் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பின்பக்கம் போய் ஊசிகளைப் பிரித்து வைத்தேன்.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு அதிகம் பிடித்தது அதற்குப் பிறகு நடந்த சாப்பாடுதான். மச்சான் நடு அறையில் லொறிக் கதையைத் தொடங்கியிருந்தார். புதிதாகக் கேட்பவர்கள் கிடைத்ததில் அவருக்குக் கோபமெல்லாம் மறந்துவிட்டது. மகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல்முறை கேட்பவள் போல, "அப்புறம் மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சம்பந்தியும் தட்டோடு அங்கே வந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். மழையைப் பார்த்தோம்.

"நாலு வரி மனப்பாடம் பண்ணி வந்தேங்க" என்றார் அவர். "நீங்க தட்ட திருப்பினதும் எல்லாம் மறந்து போச்சு."

"எனக்கும்தாங்க."

மறுபடி மழையைப் பார்த்தோம். அவர் வடையைப் பிய்த்தார். நான் பாயாசத்தைக் குடித்தேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. குழம்புச் சட்டியோடு அந்தப் பக்கம் வந்த என் மனைவி எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்ன, சம்பந்திங்க ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க? இப்பவே சண்டையா?"

"இல்லீங்கம்மா" என்றார் சம்பந்தி, மிச்சம் இருந்த பாதி வடையை என் தட்டில் வைத்தபடி. "நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."